மேல் டிராயர்

பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்ததுமே மெக்கானிக்குக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கக் கூடாதா என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டார்.

அது ஆள் உயர ஃப்ரீசர். மகப்பேறு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், குறைமாதக் குழந்தைகள் வார்டை ஒட்டிய சின்ன அறையில் பதினான்கு வருஷமாக நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஏழு டிராயர்கள். ஏழிலும் தாய்ப்பால். பால் அதிகம் சுரக்கிற தாய்மார்கள் வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். அதைச் சூடாக்கிக் கிருமி நீக்கி, சோதித்து, பாட்டிலில் ஊற்றி உறையவைத்து, பால் ஊறாத தாய்மார்களின் குழந்தைகளுக்குக் குழாய் வழியே கொடுப்பார்கள். அந்த வார்டில் ஒரு குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பது ஒரு தேக்கரண்டிகூட இருக்காது. அதைக் குடித்து ஜீரணித்துவிட்டால் நர்ஸுகள் சந்தோஷமாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

பாட்டில்களை நிற்கவைத்துத்தான் உறையவைப்பார்கள். கல்லாக இறுகிய பிறகு, இடம் மிச்சமாகும் என்று படுக்கவைத்து அடுக்குவார்கள். ஆகவே எந்தப் பாட்டிலை எடுத்தாலும் பால் அடிப்பக்கம் கட்டியாகவும், மூடிப்பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும். மெக்கானிக் கையில் இருந்த பாட்டிலில் பால் படுத்த வாக்கில், அடியிலிருந்து மூடிவரை ஒரு பக்கமாக நீண்டு உறைந்திருந்தது. படுக்கவைத்த பிறகு அது ஒருமுறை உருகியிருக்கிறது. உருகி, மறுபடி உறைந்திருக்கிறது. பக்கத்துப் பாட்டிலை எடுத்தார். அதுவும் அப்படியே. மேல் டிராயரில் இருந்த இருபத்திரண்டில் பதினெட்டு அப்படி இருந்தன. இரண்டாவது டிராயரை இழுத்துப் பார்த்தார். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தன.

அன்று வெள்ளிக்கிழமை. காலையில் பால் அறைப் பொறுப்பு சிஸ்டர் போன் செய்து, "அண்ணே, ஃப்ரீசர் உள்ள ஏதோ உரசற மாதிரி சத்தம் வருது, கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டிருந்தார். டிராயர்களை வெளியே எடுத்து, பனிக்கட்டி போட்ட தெர்மோகோல் பெட்டிகளுக்கு மாற்றிவிட்டு, உள்பக்கத் தகட்டைக் கழற்றினால், குளிர் தரும் குழாய்ச்சுருள் முழுக்க வெள்ளைப் பாறையாக ஐஸ் கட்டிக்கிடந்தது. ஃபேனின் இறக்கைகள் அதில் மோதிச் சுற்ற முடியாமல் சுற்றிக்கொண்டிருந்தன. காற்று மேலே ஏறவே வழியில்லை. ஏன் இப்படி ஆனது என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் கையால் மாட்டிய சாமான் செய்த வேலை அது.

அந்தச் சுருள்மேல் பனி படிவது இயற்கை. அரை நாளுக்கு ஒருமுறை ஒரு ஹீட்டர் தானாக ஓடி அதைக் கரைத்துவிடும். கரைந்தது போதும் என்று ஹீட்டரை நிறுத்துவது ஒரு தெர்மோஸ்டாட், சட்டைப் பட்டனைவிடக் கொஞ்சம் பெரிதாக, இரண்டு வயரோடு சுருளைக் கவ்விக்கொண்டிருக்கும். பழையது செத்துப்போயிற்று. புதியது வாங்க மாடல் நம்பர் வேண்டும். ஃப்ரீசருக்குப் பின்னால் இருந்த தகட்டில் கடைசி மூன்று எழுத்தைத் துரு தின்றிருந்தது. கம்பெனிக்குப் போன் செய்தால், அந்த மாடலை நிறுத்தி ஆறு வருஷம் ஆயிற்று, தேடிப்பார்க்க ஆறு வாரமாவது ஆகும் என்றார்கள். மருத்துவமனை ஆபீசில் அந்த வார வெள்ளிக்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்போம் என்றார்கள்.

உதிரி பாகக் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தகட்டின் படத்தைப் பார்த்தார். "அந்த மூணு எழுத்துலதான் எல்லாமே இருக்கு. பாக்க அச்சு அசலா ஒண்ணு மாதிரியே இருக்கும், ஆனா நிறுத்தற சூடு வேற. என்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு. இது கொஞ்சம் முன்னாடியே நிறுத்திடும்."

"முன்னாடின்னா?"

"ஐஸ் முழுசாக் கரையறதுக்குள்ள. வீட்டுக்குன்னா தள்ளிக்கிட்டுப் போகும். எதுக்குப் போடப்போறீங்க?"

"ஒரு பழைய ஃப்ரீசருக்குத்தான்" என்றார் மெக்கானிக்.

மருத்துவமனையில் அவருக்கு அட்ஜஸ்ட்மென்ட் அண்ணன் என்று பெயர். எதைக் கொடுத்தாலும் 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்பார், பண்ணியும் விடுவார். லிஃப்ட் பட்டனுக்கு வாஷிங் மெஷின் பட்டன், ஏசிக்கு வேறு ஏசியின் ஃபேன். சமையல்கட்டுப் பெரிய ஃப்ரிட்ஜின் கதவு ரப்பரை இரண்டு துண்டாக வெட்டி ஒட்டி நாலு வருஷம் ஓட்டியிருக்கிறார். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. தெர்மோஸ்டாட்டை மாட்டிவிட்டு, வாரம் ஒருதரம் வந்து தகட்டைக் கழற்றிப் பார்த்துக்கொண்டால் போயிற்று என்றுதான் நினைத்தார். முதல் வாரம் வந்து பார்த்தார், லேசாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரம் வேறு இடத்தில் வேலை வந்துவிட்டது. மூன்றாம் வாரம் மறந்தே போனார்.

ஹேர் டிரையரை வைத்து ஐஸைக் கரைத்து, தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. சிஸ்டர் இரண்டு தடவை எட்டிப்பார்த்தார். அவருக்கு நாற்பது வயதிருக்கும். யாரிடமும் குரலை உயர்த்தாதவர்; வார்டில் குழந்தைகள் தூங்குகிற இடத்தில் இருந்து இருந்து வந்த பழக்கம், வீட்டிலும் அப்படித்தான் பேசுகிறேன், என் வீட்டுக்காரருக்குக் காதே கேட்பதில்லை என்று சிரிப்பார்.

"எதனாலண்ணே இவ்வளவு ஐஸ்?"

மெக்கானிக் நிமிராமல், "கதவ அடிக்கடி தெறக்கறாங்கல்ல சிஸ்டர். வெளிக்காத்து உள்ள போகுது" என்றார்.

"புதுசா வந்த பொண்ணுங்க, ஒரு பாட்டில் எடுக்கக் கதவத் தெறந்து வெச்சுக்கிட்டே தேடுதுங்க. நான் சொல்லிவைக்கிறேன். பால் ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல?"

"டிஸ்ப்ளே பாருங்க, மைனஸ் இருபது."

அது பொய் இல்லை. டிஸ்ப்ளேயின் சென்சார் சுருளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சுருள் ஐஸுக்குள் புதைந்திருக்கும்போது அது மைனஸ் இருபதுதான் காட்டும். சிஸ்டர் தினம் இரண்டு வேளை அந்த எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதி வந்திருக்கிறார். மேல் டிராயரில் என்ன சூடு என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. பகலில் கதவு திறக்கத் திறக்க மேலே இளகியிருக்கிறது, இரவில் மெல்ல இறுகியிருக்கிறது.

மெக்கானிக் மேல் டிராயரைத் தானே உள்ளே வைத்தார். பாட்டில்களை, உறைந்த பக்கம் கண்ணில் படாமல் கீழே போகும்படி, அடுக்கினார். ஏன் அப்படி அடுக்கினோம் என்று படியில் இறங்கும்போது தன்னையே கேட்டுக்கொண்டார்.

ஒன்றும் ஆகாது என்பதற்கு அவரிடம் நிறையக் காரணங்கள் இருந்தன. சூடாக்கிய பால். சோதித்த பால். முழுக்க உருகியிருக்காது, இளகித்தான் இருக்கும். தவிர, இப்போது சொன்னால் பதினெட்டு பாட்டிலையும் கொட்டிவிடுவார்கள். அப்புறம் குழந்தைகளுக்கு எதைக் கொடுப்பார்கள். சரியான சாமானை முதலில் தேடிப் பிடிக்க வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, இப்படி ஆகிவிட்டது சிஸ்டர், இதோ சரிசெய்துவிட்டேன் என்று சொல்வது வேறு. வெறுங்கையோடு போய் நிற்பது வேறு.

சனிக்கிழமை காலையிலிருந்து மூன்று பழைய சாமான் கிடங்குகளை அலசினார். மூன்றாவதில் கதவில்லாத ஃப்ரிட்ஜுகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அவற்றுக்குப் பின்னால், குப்புறக் கிடந்த ஒரு ஃப்ரீசரின் முதுகைப் பார்த்ததும் தாவிப் போனார். அதே உயரம், அதே நீலக் கோடு. தகட்டின்மேல் யாரோ ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததால் எழுத்துகள் துருப்பிடிக்காமல் பிழைத்திருந்தன. மூன்று எழுத்தையும் உரக்கப் படித்தார். கிடங்குக்காரன், என்னய்யா சாமி வந்துடுச்சா என்று கேட்டான். அந்த ஃப்ரீசரை இரண்டு பேராகப் புரட்டிப்போட்டு, உள்ளே கையை விட்டு, வயரோடு தெர்மோஸ்டாட்டை வெட்டி எடுத்தார்.

மத்தியானம் வீட்டில் அதை ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் வைத்து எடுத்து, மீட்டரை மாட்டி, வெதுவெதுப்பான தண்ணீர் டம்ளருக்குள் தெர்மாமீட்டரோடு இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார். எதிரே ஜன்னலோரம் மனைவி தையல் மெஷினில் பள்ளிச் சீருடைகளுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். சரியான சூட்டில் மீட்டரின் முள் விழுந்ததும் மெக்கானிக் சிரித்தார்.

"கல்யாணத்தன்னிக்கு என்னப் பாத்துக்கூட இப்படிச் சிரிக்கல நீங்க" என்றாள் மனைவி.

அவருக்கு மனசு இளகிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னார். கடைக்காரர் சொன்னது, பாட்டிலில் பார்த்தது, கதவின்மேல் பழியைப் போட்டது. அவள் கேட்டுக்கொண்டே தைத்தாள். பிறகு மெஷினை நிறுத்தினாள்.

"சிஸ்டர்கிட்ட இன்னும் சொல்லலையா?"

"திங்கக்கிழமை இத மாட்டிட்டுச் சொல்லிடறேன்."

"நாளைக்கு அந்தக் குழந்தைங்க பால் குடிக்காதா?"

"உனக்கு இந்த வேலையப் பத்தி என்ன தெரியும்" என்றார் அவர். அவள் மெஷினை ஓட்டவில்லை. அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். சிஸ்டர் நம்பரை அழுத்தினார். இரண்டு ரிங் போனதும் கட் செய்தார். மறுபடி அழுத்தினார், மறுபடி கட் செய்தார். ஐந்து நிமிஷத்தில் சிஸ்டரே கூப்பிட்டார்.

"அண்ணே, கூப்பிட்டிருந்தீங்களா? வார்டுல கை வேலையா இருந்தேன்."

"ஒண்ணுமில்ல சிஸ்டர். ஒரிஜினல் பார்ட்டே கிடைச்சிருச்சு. திங்கக்கிழமை வந்து மாட்டிடறேன்."

"நல்ல செய்தி சொன்னீங்கண்ணே. நீங்க இருக்கறதாலதான் நான் நிம்மதியா இருக்கேன்."

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தபோது மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் துணியைப் பக்கம் திருப்பிவைத்து ஊசிக்கு நூல் கோக்க ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருவரும் பேசிக்கொண்டது, தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொன்னது ஒன்றுதான்.

திங்கள் காலையில் பால் அறை பூட்டியிருந்தது. வார்டின் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தார். ஜன்னலோர இன்குபேட்டர் பெட்டியைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். அந்தக் குழந்தையை அவருக்குத் தெரியும். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை. போன மாதம் அந்தப் பெட்டியின் சூடு காட்டும் விளக்கை மாற்றும்போது, அவருடைய கையுறை விரலைப் பிடிக்கப் போவதுபோல் அது காற்றைப் பிடித்ததைப் பார்த்திருக்கிறார். அதற்குக் கைக்குட்டை அளவு துணிதான் சுற்றியிருந்தது.

சிஸ்டர் வெளியே வர அரைமணி நேரம் ஆயிற்று. "இருங்கண்ணே, சாவி தரேன். நேத்து சாயங்காலத்துலேர்ந்து அதுக்கு வயிறு வீங்கிக் கிடக்கு. குடல்ல பிரச்சினை. பால நிறுத்திட்டாங்க."

"எந்தப் பால் குடுத்தீங்க?"

சிஸ்டருக்கு அந்தக் கேள்வி முதலில் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பிறகு நிமிர்ந்தார். "ஏன்?"

"மேல் டிராயரா?"

சிஸ்டர் மேஜைக்குப் போய் நோட்டைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. "சனிக்கிழமையும் ஞாயிறும். மேல் டிராயர்தான். ஏன் கேக்கறீங்க?"

அவர் சொன்னார். சனிக்கிழமை மனைவியிடம் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில் சொன்னார். கதவு திறந்ததால் இல்லை என்பதையும் சொன்னார். சிஸ்டர் பால் அறையைத் திறந்தார். மேல் டிராயரைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத எப்பப் பாத்தீங்க?"

"வெள்ளிக்கிழமை."

"இன்னிக்குத் திங்கள்" என்றார் சிஸ்டர். எப்போதும் போலவே மெதுவாகத்தான் சொன்னார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. டாக்டர் வந்தார். வார்டில் பால் முழுவதும் நிறுத்தப்பட்டது. மூன்று பாட்டில்களைச் சோதனைக்கு அனுப்பினார்கள், முடிவு வர நாலு நாள் ஆகும். மேல் டிராயர் பாலை அந்த இரண்டு நாளில் இன்னும் மூன்று குழந்தைகள் குடித்திருந்தன, அந்த மூன்றும் நன்றாக இருந்தன. டாக்டர் களைத்த முகத்தோடு, "இவ்வளவு சின்னக் குழந்தைங்களுக்கு இது காரணமே இல்லாமலும் வரும். பாலால வந்ததுன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார். அவர் மெக்கானிக்கைப் பார்த்துச் சொல்லவில்லை. சிஸ்டரைப் பார்த்துத்தான் சொன்னார். மெக்கானிக் அந்த வாக்கியத்தின் முதல் பாதியைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். அது கையில் நிற்கவில்லை.

மற்ற டிராயர்களையும் நம்ப முடியாது என்று எல்லாவற்றையும் கொட்டச் சொன்னார்கள். சிஸ்டர் தொட்டியில் வெந்நீரைத் திறந்துவிட்டு, பாட்டில்களை ஒவ்வொன்றாக மூடி திருகி இளகவிட்டுக் கொட்டினார். ஒவ்வொரு பாட்டிலிலும் ஒட்டியிருந்த சீட்டைப் படித்து, நோட்டில் அந்த எண்ணை அடித்தார். "இந்த நம்பர் யாருன்னு தெரியுமா" என்று ஒரு பாட்டிலைக் காட்டினார். "அவங்க குழந்தை போயி இருபது நாள் ஆச்சு. அதுக்கப்புறமும் பஸ் ஏறி வந்து குடுத்துட்டுப் போறாங்க. அவங்ககிட்ட நான் என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க."

உதவ வேண்டும் என்று கையை நீட்டினார் மெக்கானிக். "நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றார் சிஸ்டர். அண்ணே என்று சொல்லவில்லை.

அவர் காலி ஃப்ரீசருக்குள் தலையை விட்டுத் தன் வேலையைப் பார்த்தார். மூன்று வாரத்துக்கு முன் மாட்டிய தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, கிடங்கிலிருந்து கொண்டுவந்ததை மாட்டி, வயர்களை இணைத்து, டேப் சுற்றினார். அப்படியே கச்சிதமாகப் பொருந்தியது. வளைக்க, தேய்க்க, எதையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஏழு டிராயரிலும் தனித்தனி தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டார். ஏழும் ஒரே அளவு காட்டின.

செவ்வாய்க்கிழமை ஆபீசில் உட்காரவைத்து எழுதி வாங்கினார்கள். கடைக்காரர் சொன்னதை எழுதும்போது பேனா நின்றது, எழுதினார். எழுதிய தாளை மடித்து வைத்துக்கொண்ட அதிகாரி, சோதனை முடிவு வரும்வரை இதைப் பற்றி வெளியில் யாரிடமும், குறிப்பாகக் குழந்தையின் வீட்டாரிடம், ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார். இனி வேலைக்கும் வர வேண்டாம், புதன்கிழமை வந்து சாவியையும் அடையாள அட்டையையும் கொடுத்துவிட்டுச் சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டுக்குப் போய் அவர் இதைச் சொன்னபோது மனைவி, "குழந்தை?" என்று மட்டும் கேட்டாள். இன்னும் இருக்கிறது என்றார். அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்து, தட்டில் இருப்பதைச் சாப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை.

புதன்கிழமை காலை அவர் படியேறி வந்தபோது ஜன்னலோரப் பெட்டி காலியாக இருந்தது. அதன் மூடியைத் திறந்துவைத்து ஒரு பெண் மருந்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். விடிகாலையிலேயே போய்விட்டது என்று காவலாளி சொன்னார். சிஸ்டர் சாவியை வாங்கி மேஜையில் வைத்தார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன. மெக்கானிக் தன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தார்.

அங்கே சுவரோரமாக ஒரு இளைஞன் நின்றிருந்தான். இருபத்தைந்து இருக்கலாம். சட்டைப் பட்டன் ஒன்று மாறிப் போட்டிருந்தது. கையில் ஒரு படிவம். அதைச் சுவரில் வைத்து எழுதப் பார்த்தான், பேனா எழுதவில்லை. மெக்கானிக் கடந்து போகும்போது, "அண்ணே, பேனா இருக்கா" என்று கேட்டான்.

மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சுவர் சொரசொரப்பாக இருந்ததால் தாள் கிழிந்துவிடும்போல் இருந்தது. அவர் தன் பெட்டியை இரண்டு கையாலும் மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். இளைஞன் படிவத்தை அதன்மேல் வைத்துக்கொண்டான். உடலை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றால் இதை நிரப்பித் தர வேண்டும் என்று மேலே எழுதியிருந்தது.

"நீங்க இங்க வேலை பாக்கறீங்களா?"

"பாத்துட்டிருந்தேன். ஃப்ரீசர் மெக்கானிக்."

அவன் தலையாட்டினான். அது அவனுக்கு வெறும் ஒரு வேலையின் பெயர்தான். தேதியை எழுதினான், எடையை எழுதினான். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"பேரு வைக்கலண்ணே. வீட்டுக்குக் கொண்டுபோனப்புறம் வைக்கலாம்னு இருந்தோம். இங்க என்ன எழுதறது?"

மெக்கானிக்கின் வாய் திறந்தது. சொல்ல வேண்டியது அங்கே நாக்கு நுனியில் இருந்தது. அதிகாரி சொன்னதற்காக இல்லை, வேறு எதற்காக என்றும் தெரியவில்லை, அது வெளியே வரவில்லை. அந்த வார்டின் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் சீட்டுகளைப் பத்து வருஷமாகப் பார்த்தவர் அவர்.

"அதோட அம்மா பேர எழுதி, பக்கத்துல குழந்தைன்னு போடுங்க" என்றார்.

இளைஞன் குனிந்து எழுதத் தொடங்கினான். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி எழுதினான். பெட்டிக்குள் இருந்த ஸ்பானர்கள் லேசாகக் கலகலத்தன. அவை சத்தம் போடாதபடி மெக்கானிக் முழங்கைகளை விலாவோடு இறுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து நின்றார். பேனாவின் ஒவ்வொரு அழுத்தமும் தகரத்தின் வழியே அவருடைய உள்ளங்கைகளில் இறங்கிக்கொண்டிருந்தது.